ஜாஸ் கேட்கத் தொடங்குவோருக்கு: இசைத்தட்டில் தங்கி, வானொலியில் தேடும் வழி

ஜாஸ் இசையைக் கேட்டுப் பழக விரும்பும் ஒருவர் வழி கேட்டால், அவர் கையில் பெரும்பாலும் ஒரு நீண்ட பட்டியலே தரப்படுகிறது. தவறவிடக் கூடாத நூறு இசைத்தட்டுகள் என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் பிழை எதுவும் இருக்காது. ஆனால் அதை வரிசையாகக் கேட்டுக்கொண்டு போகிறவருக்கு ஐந்தாவது தட்டை எட்டும்போது முதல் தட்டு மறந்துபோயிருக்கும். எல்லாத் தட்டுகளிலும் யாரோ சாக்ஸபோன் வாசித்தார்கள் என்ற நினைவு மட்டுமே எஞ்சும். ஜாஸ் ஒரே அச்சில் வார்த்தது போல ஒலிக்கிறது என்று சொல்லி விலகிப் போனவர்களில் பலர் இப்படி அவசரமாகக் கேட்டவர்களே.

இங்கே சொல்லப்படும் முறை எளிமையானது. சில இசைத்தட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். புதியவற்றைத் தேடும் வேலையை வானொலியிடம் விட்டுவிட வேண்டும். இசைத்தட்டு ஒரே வாசிப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் மாறாமல் திருப்பித் தரும். வானொலியோ நீங்கள் கேட்காததைத் தரும், கேட்டதை மறுபடி தராது. இந்த இரண்டு குணங்களும் சேர்ந்தால்தான் காது பழகும். ஜாஸ் வளர்ந்த வரலாறும் இதற்கு ஒத்தே இருக்கிறது. முதல் ஜாஸ் இசைத்தட்டு என்று பொதுவாக ஏற்கப்படுவது 1917 பிப்ரவரியில் நியூயார்க்கில் விக்டர் நிறுவனத்துக்காகப் பதிவானது. அதை வாசித்தவர்கள் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த வெள்ளையர் குழுவினர். அந்த இசையை உருவாக்கிய கறுப்பினக் கலைஞர்களுள் முதன்மையானவரான கிங் ஆலிவரின் குழு 1923 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த சில ஆண்டுகளிலேயே நடன அரங்குகளிலிருந்து வானொலி நேரடி ஒலிபரப்பு பரவத் தொடங்கிவிட்டது. தட்டும் வானொலியும் இல்லாமல் வளர்ந்த ஜாஸ் தலைமுறை என்று ஒன்று ஏறத்தாழ இல்லை. பெரிய கலைஞர்களே தட்டைச் சுழலவிட்டு, பிறர் வாசித்ததைச் சுரம் சுரமாகப் படியெடுத்துக் கற்றவர்கள்தாம்.

முதல் படி: ஒரே உருப்படியின் அமைப்பைப் பிடித்துக்கொள்ளுதல்

தொடக்கத்துக்கு ஒரு தட்டு போதும் என்றால் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’வையே சொல்வேன். எல்லோரும் சொல்கிறார்கள் என்பதற்காகவே அதைத் தவிர்க்கச் சொல்லும் அன்பர்கள் உண்டு. அவர்கள் பேச்சைப் புதியவர்கள் கேட்க வேண்டியதில்லை. அந்தத் தட்டு 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாள்களில் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்யப்பட்டது. அதன் உருப்படிகள் நிதானமானவை, அமைப்பு வெளிப்படையாகத் தெரிபவை. அதனால்தான் அது நல்ல வாசல்.

முதல் உருப்படியான ‘சோ வாட்’டை எடுத்துக்கொள்வோம். சிறிய முன்னுரை முடிந்ததும் பால் சேம்பர்ஸின் பாஸ் (தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) ஒரு சொற்றொடரைக் கேள்வி போல வாசிக்கிறது. மற்ற வாத்தியங்கள் இரண்டே அடிகளில் அதற்கு விடை சொல்கின்றன. இந்தக் கேள்வியும் விடையும் எட்டு ‘பார்’ நீளத்துக்கு நடக்கின்றன. பார் என்பது இங்கே நான்கு அடிகள் கொண்ட ஒரு தாளச் சுற்று. அந்த எட்டு பார் அப்படியே இன்னொரு முறை வருகிறது. மூன்றாவது எட்டில் எல்லாமே அரைச் சுரம் மேலே ஏறிவிடுகிறது. நான்காவது எட்டில் மீண்டும் பழைய இடத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆக மொத்தம் 32 பார். இதையே ஒரு ‘கோரஸ்’ என்கிறார்கள். மெட்டு முடிந்து, ஒருவர் தனியாக மனோதர்மமாக வாசிக்கத் தொடங்கியபின்னும் இந்த 32 பார் அடியில் மாறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். டேவிஸ் டிரம்பெட்டிலும், ஜான் கோல்ட்ரேன் டெனர் சாக்ஸபோனிலும், கேனன்பால் ஆடர்லி ஆல்டோ சாக்ஸபோனிலும், பில் எவன்ஸ் பியானோவிலும் அடுத்தடுத்து வாசிப்பது இதே சுற்றின் மீதுதான்.

விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேட்க வேண்டும். முதலில் மூன்றாவது எட்டு வரும்போது சுரம் மேலே ஏறுவதை மட்டும் பிடித்தால் போதும். தனி வாசிப்பின் நடுவில், எண்ணாமலே, இப்போது ஏறப்போகிறது என்று காது தானாகச் சொல்லும் ஒரு கட்டம் வரும். அந்தக் கட்டம் வரும்வரை அடுத்த தட்டுக்குப் போக வேண்டாம். இந்த ஒரு பயிற்சிக்குப் பிறகு ஜாஸில் பெரும்பகுதி, கண்டபடி வாசிக்கப்படும் இசையாகத் தோன்றுவது நின்றுபோகும். நீண்ட தனி வாசிப்புகளின் கீழே ஒரு தரை இருப்பதும், வாசிப்பவர் அந்தத் தரையில் எங்கே நிற்கிறார் என்பதும் புலப்படத் தொடங்கும்.

அதே தட்டின் இரண்டாவது உருப்படியான ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ பன்னிரண்டு பார் புளூஸ். இதில் சுற்று குறுகியது. நான்கு பார் வீதம் மூன்று வரிகள். ஜாஸ் இசையில் இந்தப் பன்னிரண்டு பார் அமைப்பும், ‘சோ வாட்’டில் கண்ட 32 பார் அமைப்பும் தெரிந்துவிட்டால், 1920களிலிருந்து 1960கள் வரை வந்த உருப்படிகளில் மிகப் பலவற்றைப் பின்தொடர முடியும். கூடுதலாக ஒரு சிறு வேலையும் உண்டு. இந்த ஒரு உருப்படியில் மட்டும் பியானோ வாசிப்பவர் எவன்ஸ் அல்லர், விண்டன் கெல்லி. இரண்டு உருப்படிகளையும் அடுத்தடுத்துக் கேட்டு, இருவருடைய விரலுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுதியது சரியா என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: பின்னணியில் இருப்பவர்களை முன்னுக்குக் கொண்டுவருதல்

புதியவர்களின் காது இயல்பாகவே டிரம்பெட்டையும் சாக்ஸபோனையும் பின்தொடரும். அவற்றை வேண்டுமென்றே விட்டுவிட்டு, ஒரு முறை முழுக்கப் பாஸை மட்டும் கேட்க வேண்டும். பாஸ் வாசிப்பவர் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுரம் வீதம் நடந்துகொண்டே போவதை ‘வாக்கிங் பாஸ்’ என்பார்கள். குழுவை முன்னே தள்ளிக்கொண்டு போவது அந்த நடைதான். அடுத்த முறை டிரம்ஸில் பெரிய தட்டான ரைட் சிம்பலை மட்டும் கேட்க வேண்டும். அதற்கடுத்த முறை, தனி வாசிப்பவருக்குப் பின்னால் பியானோ எப்போது பேசுகிறது, எப்போது வாய்மூடி இருக்கிறது என்று கவனிக்க வேண்டும்.

சிறிய கைப்பேசி ஒலிபெருக்கியில் இந்தப் பயிற்சி நடக்காது. பாஸ் அதில் காணாமலே போய்விடும். விலை உயர்ந்த கருவிகள் தேவை என்று இதற்குப் பொருளில்லை. சாதாரண ஹெட்போன் போதுமானது. ஆனால் 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் வந்த ஸ்டீரியோ பதிவுகளில் ஊதும் வாத்தியங்கள் ஒரு காதிலும் டிரம்ஸ் மறு காதிலும் முழுமையாக ஒதுங்கிக் கிடப்பதுண்டு. ஹெட்போனில் அது களைப்பைத் தரும். அத்தகைய பதிவுகளின் மோனோ வடிவம், அதாவது இரண்டு காதிலும் ஒரே ஒலி கேட்கும் வடிவம், கிடைத்தால் அதைக் கேட்பதே மேல்.

மூன்றாம் படி: பாட்டைவிட ஆளைத் தொடர்தல்

ஜாஸ் தட்டின் உறையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் முக்கியமானது. பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் பெயர்கள் அதைவிட முக்கியமானவை. இது என் நெடுநாள் கருத்து. அடுத்து எதைக் கேட்பது என்ற கேள்விக்கு அந்தச் சிறிய எழுத்திலேயே விடை இருக்கிறது.

பால் சேம்பர்ஸின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பார்ப்போம். கோல்ட்ரேன் 1957இல் புளூ நோட் நிறுவனத்துக்குப் பதிவு செய்த ‘புளூ டிரெய்ன்’ தட்டில் அவர் இருக்கிறார். அதே ஆண்டின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் ஆர்ட் பெப்பர், டேவிஸின் தாளக் குழுவோடு (பியானோ, பாஸ், டிரம்ஸ்) ஒரே நாளில் பதிவு செய்த தட்டிலும் இருக்கிறார். பியானோ கலைஞர் சோனி கிளார்க்கின் ‘கூல் ஸ்ட்ரட்டின்’ தட்டிலும் அவரே. கோல்ட்ரேனின் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ தட்டுக்கு வந்தால், பாஸின் நடை பழக்கமானதாக இருக்க, அதன் மேல் நடப்பது முற்றிலும் வேறாக இருக்கிறது. ஒரே மனிதர் நான்கு இடங்களில் என்ன செய்கிறார் என்று கேட்பது ஜாஸைப் புரிந்துகொள்ள மிக நேரான வழி. பட்டியல்காரர்கள் இந்த நான்கு தட்டுகளையும் நான்கு வேறு தலைப்புகளின் கீழ் வைத்துவிடுவார்கள். அவற்றுக்கு இடையே ஓடும் உறவு பட்டியலில் தெரியாது.

கேனன்பால் ஆடர்லியின் ‘சம்திங் எல்ஸ்’ 1958இல் வந்தது. அதில் தலைவர் ஆடர்லி. துணைக் கலைஞராக வாசிப்பவர் மைல்ஸ் டேவிஸ். தலைமைப் பொறுப்பு கைமாறும்போது வாசிப்பில் என்ன மாறுகிறது, என்ன மாறவில்லை என்று பார்ப்பதற்கு அதைப் போல வசதியான தட்டு அரிது.

ஆள்களோடு ஒலிப்பதிவாளர் பெயரையும் கவனிக்கலாம். ரூடி வான் கெல்டர் என்பவர் நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக் ஊரில் தம் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில்தான் 1959 வரை புளூ நோட், பிரெஸ்டீஜ் முதலான நிறுவனங்களின் தட்டுகளைப் பதிவு செய்தார். அதன்பின் இங்கிள்வுட் கிளிஃப்ஸில் தமக்கென ஒரு கூடம் கட்டிக்கொண்டார். ஆல்ஃபிரட் லயன் 1939இல் தொடங்கிய புளூ நோட், பதிவுக்கு முந்தைய ஒத்திகைக்கும் கலைஞர்களுக்குப் பணம் கொடுத்தது. அந்நாளைய சிறு நிறுவனங்களில் அது அரிய வழக்கம். புளூ நோட் தட்டுகளில் சிக்கலான மெட்டுகள்கூட இறுக்கமாக ஒலிப்பதற்கு அந்த ஒத்திகை ஒரு காரணம். பிரெஸ்டீஜ் தட்டுகளில் இருக்கும் தளர்வான, அப்போதைக்கப்போது கூடி வாசித்த தன்மைக்கு ஒத்திகை இன்மையும் ஒரு காரணம். எனக்கு இரண்டும் பிடிக்கும். மழைநாள் மாலைக்கு இரண்டாவது.

நான்காம் படி: ஒரே மெட்டைப் பலர் கையில் கேட்டல்

ஜானி கிரீன் மெட்டமைத்த ‘பாடி அண்ட் சோல்’ 1930ஆம் ஆண்டுப் பாட்டு. இதை முதலில் பில்லி ஹாலிடே 1940இல் பாடிய பதிவில் கேட்க வேண்டும். மெட்டு மனத்தில் பதியும். பிறகு டெனர் சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் 1939 அக்டோபர் 11 அன்று வாசித்த பதிவுக்கு வர வேண்டும். முதல் சில பார்களில் மட்டும் மெட்டின் சாயல் தெரியும். அதன் பிறகு இரண்டு கோரஸ் முழுவதும் மெட்டை விட்டுவிட்டு, அதன் அடியிலுள்ள சுரக்கூட்டுகளின் மேல் ஹாக்கின்ஸ் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டே போகிறார். மூன்று நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. பாடக்கூடிய மெட்டே ஏறத்தாழ இல்லாத அந்தத் தட்டு அந்நாளில் பரவலாக விற்றது என்பது இன்றும் வியப்புக்குரியது. மூன்றாவதாகக் கோல்ட்ரேன் 1960இல் பதிவு செய்ததைக் கேட்டால், அதே மெட்டின் அடித்தளமே மாற்றிப் போடப்பட்டிருப்பது தெரியும்.

பழைய தட்டுகளின் நீளத்தைப் பற்றி இங்கே ஒரு சொல். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கும். கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் எல்.பி. தட்டை 1948இல் அறிமுகப்படுத்தியபின்தான் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் வாசிக்க இடம் கிடைத்தது. எனவே 1920கள், 1930களின் பதிவுகளை அவசர வாசிப்பு என்று கருதக் கூடாது. அவை சுருங்கச் சொல்லப் பழகியவர்களின் வாசிப்பு. 1928 ஜூனில் சிகாகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங் பதிவு செய்த ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ தட்டின் தொடக்கத்தில், துணை வாத்தியம் ஏதுமின்றி டிரம்பெட் தனித்து இறங்கி வருவதைக் கேட்டவர்கள், நீளம் குறைவு என்று அதன்பின் குறைப்பட மாட்டார்கள். இரைச்சல் முதலில் காதை உறுத்தும். இரண்டு மூன்று முறை கேட்டபின் காது அதை விலக்கிவிட்டு இசையை மட்டும் எடுத்துக்கொள்ளப் பழகிவிடும்.

ஐந்தாம் படி: வானொலியை வழக்கமாக்கிக்கொள்ளுதல்

மேலே சொன்ன நான்கு படிகளும் ஓரளவு கைவந்தபின் வானொலிக்கு வருவது நல்லது. முன்பே வந்தாலும் கெடுதி இல்லை. ஆனால் கோரஸ் எது என்று தெரியாமல் கேட்டால் வானொலி ஒரு இனிய பின்னணியாக மட்டும் நின்றுவிடும்.

நேர்த்தியான ஜாஸ் நிலையங்கள் பல இன்று இணையத்தில் எந்த ஊரிலிருந்தும் கேட்கும்படி ஒலிபரப்பாகின்றன. நியூ ஜெர்சியின் நூவார்க் நகரிலிருந்து வரும் டபிள்யூ.பி.ஜி.ஓ., நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட்., பாரிஸின் டி.எஸ்.எஃப். ஜாஸ் ஆகியவை அவற்றுள் சில. மூன்றின் இயல்பும் வேறு. நியூ ஆர்லியன்ஸ் நிலையத்தில் ஜாஸோடு அவ்வூரின் புளூஸும் தெருமுனை ஊதுகுழல் இசையும் கலந்தே வரும். அது மூலத்தோடு கிளைகளையும் சேர்த்துக் காட்டும். பி.பி.சி.யில் 1964 முதல் ஒலிபரப்பாகிவரும் ‘ஜாஸ் ரெக்கார்ட் ரெக்வெஸ்ட்ஸ்’ நிகழ்ச்சியில் நேயர்கள் கேட்டவற்றையே ஒலிபரப்புவதால், எந்த வரலாற்று வரிசைக்கும் கட்டுப்படாமல் 1927க்குப் பக்கத்தில் 2015 வந்து உட்காரும். புதியவர்களுக்கு அந்த ஒழுங்கின்மை மிகவும் பயன் தரும்.

கேட்கும் முறையில் ஒரு கட்டுப்பாடு தேவை. உருப்படி ஒலிக்கும்போது திரையைப் பார்க்கக் கூடாது. இணைய ஒலிபரப்பில் கலைஞர் பெயர் உடனே திரையில் வந்துவிடுகிறது. பெயரைப் பார்த்த கணமே காது சோம்பல் கொள்கிறது. என்ன வாத்தியங்கள், எத்தனை பேர், புளூஸா 32 பாரா, ஏறத்தாழ எந்தக் காலம், முன்பே கேட்ட குரல் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அறிவிப்பாளர் பெயர்களைச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். ஊகம் பெரும்பாலும் தவறாகவே இருக்கும். ஆனால் ஒரு நாள், பெயர் சொல்லப்படுவதற்கு முன்பே, இது டெலோனியஸ் மங்கின் பியானோ என்று தெரிந்துவிடும். பெரும்பாலோருக்கு முதலில் அடையாளம் தெரிவது அவருடைய வாசிப்புத்தான்; இடறி விழுவது போல விழுந்து, சரியான இடத்தில் கால் ஊன்றும் அந்த விரலை வேறொருவருடையதாக எண்ண வழியில்லை.

அறிவிப்பாளரைத் தேர்ந்தெடுப்பதும் நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதைப் போலவே முக்கியமானது. எல்லாப் பெயர்களையும் சொல்கிறவர் நல்லவர். தலைவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறவரை விட்டுவிடலாம். இந்தக் கலையில் முன்னோடி வில்லிஸ் கோனோவர். அமெரிக்க அரசின் ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’வில் 1955 முதல் 1996இல் இறக்கும்வரை அவர் சிற்றலையில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். ஆங்கிலம் தாய்மொழியல்லாத நேயர்களுக்காகச் சொற்களை நிறுத்தி நிதானமாகப் பேசுவார். கிழக்கு ஐரோப்பாவிலும் சோவியத் ஒன்றியத்திலும் ஜாஸ் கற்ற பலருக்கு அவருடைய குரலே பள்ளிக்கூடம். அந்நிலையத்தின் நிகழ்ச்சிகளை உள்நாட்டு மக்களுக்கு வழங்கச் சட்டம் இடம் தராததால், அவர் சொந்த நாட்டில் அவரை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

பியானோ கலைஞர் மரியன் மெக்பார்ட்லேண்ட் அமெரிக்கப் பொது வானொலியில் 1979 முதல் நடத்திய ‘பியானோ ஜாஸ்’ நிகழ்ச்சியின் பழைய பகுதிகள் கிடைத்தால் விடக் கூடாது. விருந்தினரோடு பேசுவார், உடனே இருவரும் சேர்ந்து வாசிப்பார்கள். ஒரு சுரக்கூட்டை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டு, விடையை விருந்தினர் விரலாலேயே வாங்கிவிடுவார். எந்தப் பாடநூலும் அந்த அளவுக்கு நெருங்கிச் சொல்லித் தராது.

நேர வேறுபாட்டைக் கணக்கில் கொள்ள வேண்டும். இரவு நேரத்தில்தான் அறிவிப்பாளர்களுக்கு நீண்ட உருப்படிகளை முழுதாக ஒலிபரப்பும் துணிச்சல் வரும். எனவே கேட்க விரும்பும் நிலையத்தின் ஊரில் இரவாக இருக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நேர வேறுபாடு ஒரு முறை ஜாஸ் வரலாற்றையே திருப்பியிருக்கிறது. 1934 டிசம்பரில் தொடங்கி, என்.பி.சி. வானொலி ‘லெட்ஸ் டான்ஸ்’ என்ற நடன இசை நிகழ்ச்சியை நியூயார்க்கிலிருந்து சனிக்கிழமை இரவுகளில் ஒலிபரப்பியது. அதில் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மன் குழுவின் முறை கடைசியாக வந்ததால் கிழக்குக் கரையில் பலர் தூங்கப் போயிருப்பார்கள். மேற்குக் கரையிலோ அப்போது மாலைப்பொழுது, இளைஞர்கள் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்தார்கள். வழியெல்லாம் சோர்வான வரவேற்பைப் பெற்றுக்கொண்டு 1935 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸின் பாலோமர் அரங்குக்குப் போய்ச் சேர்ந்த அந்தக் குழுவுக்கு, அங்கே அப்படியொரு ஆரவாரம் காத்திருந்தது. பெரிய நடனக் குழுக்களின் ஜாஸ் கோலோச்சிய ஸ்விங் காலத்தின் தொடக்கமாக அந்த இரவையே பலரும் குறிப்பிடுகிறார்கள். பியானோ கலைஞரும் குழுத் தலைவருமான கவுண்ட் பேசியின் கதையும் வானொலிக் கதைதான்: கான்சஸ் சிட்டியின் ரெனோ கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த அவருடைய குழுவை, இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட் 1936இல் சிகாகோவில் தம் கார் வானொலியில் தற்செயலாகக் கேட்டார். அடுத்த ஆண்டில் பேசியின் பெயர் நாடெங்கும் தெரிந்திருந்தது.

ஆறாம் படி: வானொலியிலிருந்து பிறந்த தட்டுகளை அடையாளம் காணுதல்

ஒலிபரப்புக்காகப் பதிவு செய்யப்பட்டவையோ, ஒலிபரப்பிலிருந்து யாரோ பிடித்து வைத்தவையோ பின்னாளில் இசைத்தட்டாக வருவதுண்டு. பின்னதை ‘ஏர்செக்’ என்பார்கள். இவற்றில் ஒலித்தரம் குறைவாக இருக்கும், உருப்படி பாதியில் அறுந்துபோகும், அறிவிப்பாளர் குறுக்கே பேசுவார். ஆனாலும் இவற்றைத் தள்ளிவிட முடியாது. 1942 ஆகஸ்டு முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுகளைப் புறக்கணித்தது. கொலம்பியாவும் விக்டரும் 1944 நவம்பரில்தான் இணங்கின. வேகமும் சிக்கலும் மிகுந்த பீபாப் என்ற ஜாஸ் பாணி உருவான ஆண்டுகள் துல்லியமாக அவைதாம். அதனால் 1945இல் அந்தப் பாணியின் முன்னோடிகளான சார்லி பார்க்கரும் (ஆல்டோ சாக்ஸபோன்) டிஸ்ஸி கில்லெஸ்பியும் (டிரம்பெட்) முழு உருவில் தட்டில் தோன்றும்போது, அவர்கள் எங்கிருந்தோ குதித்தது போலத் தோன்றுகிறது. பிறகு 1948, 1949 ஆண்டுகளில் நியூயார்க்கின் ராயல் ரூஸ்ட் அரங்கிலிருந்து நடந்த ஒலிபரப்புகளில் கிடைக்கும் பார்க்கர், கூடத்தில் கிடைக்கும் பார்க்கரைவிடத் துணிச்சலானவர்.

இரண்டு தட்டுகளை இந்த வகையில் தனியாகச் சொல்ல வேண்டும். 1956 நியூபோர்ட் விழாவில் டியூக் எலிங்டன் குழு வாசித்தபோது, டெனர் சாக்ஸபோன் கலைஞர் பால் கொன்சால்வஸ் ஒரே மூச்சில் 27 கோரஸ் வாசித்தார்; கூட்டம் எழுந்து ஆடியது. ஆனால் அவர் வாசித்தது தட்டுக்காகப் பதிவு செய்துகொண்டிருந்த கொலம்பியாவின் ஒலிவாங்கியில் அல்ல, பக்கத்திலிருந்த வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ஒலிவாங்கியில். அன்று வெளிவந்த எல்.பி.யில் அவர் தொலைவில் எங்கோ நின்று ஊதுவது போலத்தான் கேட்கும். போதாததற்கு, அந்தத் தட்டின் வேறு பகுதிகள் கூடத்தில் மறுபடி வாசிக்கப்பட்டுக் கைதட்டலும் சேர்க்கப்பட்டவை. வானொலியின் ஒலிநாடா பிற்காலத்தில் கிடைத்து, இரண்டு பதிவுகளையும் இணைத்து 1999இல் முழுமையான பதிப்பு வந்தது. வாங்குவதானால் அதையே வாங்குங்கள். மற்றது, மங்க்கும் கோல்ட்ரேனும் 1957 நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் சேர்ந்து வாசித்தது. அதையும் பதிவு செய்தது வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவே. அந்த ஒலிநாடா அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்து 2005இல் கண்டெடுக்கப்பட்டது. இருவரும் சேர்ந்து வாசித்த அந்தக் காலத்துக்குச் சான்றாக அதுவரை மிகச் சில பதிவுகளே இருந்தன. அதன் ஒலித்தரமோ, வானொலிப் பதிவு என்றாலே மங்கல் என்று நினைப்பவர்களை வாயடைக்கச் செய்யும்.

ஏழாம் படி: வாங்குதல்

கேட்டுப் பிடித்தபின் வாங்குவதே முறை. ஸ்ட்ரீமிங்கில் எல்லாம் கிடைக்கும்போது தட்டு எதற்கு என்று கேட்டால், எனக்குத் தெரிந்த விடை ஒன்றுதான்: தட்டு வாங்கினால் குறைவாக வாங்குவோம், குறைவாக இருப்பதால் நிறையக் கேட்போம். ஒரு பக்கம் இருபது நிமிடம் என்ற அளவும் கவனத்துக்குத் தோதானது.

மறுபதிப்புகளே புதியவர்களுக்குப் போதும். முதல் பதிப்பைத் தேடி அலைகிறவர்கள், ஊசி ஓடி முடியும் வெற்றிடத்தில் வான் கெல்டரின் முத்திரை பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று கைவிளக்கு வைத்துப் பார்ப்பார்கள். அது தனிக் கலை, அதற்கும் இசை கேட்பதற்கும் தொடர்பு கொஞ்சம்தான். முதல் பதிப்பே எப்போதும் சிறந்தது என்பதும் இல்லை. ‘கைண்ட் ஆஃப் புளூ’வின் முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும், பதிவின்போது ஒரு ஒலிநாடாக் கருவி மெதுவாக ஓடியதால், பல பத்தாண்டுகளாக எல்லாப் பதிப்புகளிலும் சுருதி சற்றே ஏறி ஒலித்தன. 1990களின் மறுபதிப்புகளில்தான் அது சரிசெய்யப்பட்டது.

பழைய தட்டு வாங்கும்போது தர அடையாளங்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. ‘மின்ட்’, ‘நியர் மின்ட்’, ‘வெரி குட் பிளஸ்’, ‘வெரி குட்’, ‘குட்’ என்று அவை இறங்கிக்கொண்டே போகும். வணிக வழக்கில் ‘குட்’ என்றால் கீறலும் இரைச்சலும் நிறைந்த தட்டு என்று கொள்ள வேண்டும். ஜாஸ் தட்டுகளில் பாஸின் தனி வாசிப்பும் மெல்லிய பியானோப் பகுதிகளும் அடிக்கடி வருவதால் சிறு சொடுக்கொலியும் பெரிதாகக் கேட்கும். ‘வெரி குட் பிளஸ்’ஸுக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. மோனோவாகப் பதிவானவற்றைப் பின்னாளில் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கி விற்ற பதிப்புகளை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொட வேண்டாம். கிணற்றுக்குள்ளிருந்து வாசிப்பது போலிருக்கும்.

டர்ன்டேபிளில் ஊசியின் அழுத்தத்தை அதன் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவிலேயே வைக்க வேண்டும். பெரும்பாலான ஊசிகளுக்கு அது ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை. அழுத்தம் மிகக் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று எண்ணுவது தவறு. ஊசி தடத்தில் தள்ளாடி அதைக் கெடுக்கும். 78 சுற்றுத் தட்டுகளின் தடம் எல்.பி.யைவிட மிக அகலமானது. எல்.பி. ஊசியை அதில் வைக்கவே கூடாது. தட்டுகளை நிமிர்த்தி அடுக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் வளையும்.

குறுந்தட்டிலோ ஸ்ட்ரீமிங்கிலோ கேட்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூடத்தில் ஒரே உருப்படியைப் பல முறை வாசித்துச் சிறந்ததைத் தட்டில் சேர்ப்பது வழக்கம். விலக்கப்பட்ட வாசிப்புகளையும் மறுபதிப்புக்காரர்கள் சேர்த்துவிடுகிறார்கள். சில வேளைகளில் மூலத்தை அடுத்தே அதே உருப்படி மறுபடி வரும். இவை ஆய்வுக்கு அருமையானவை. ஒரே கலைஞர் அரை மணி நேர இடைவெளியில் எவ்வளவு வேறாக யோசிக்கிறார் என்று அவை காட்டும். ஆனால் முதல் சில மாதங்களுக்கு அவற்றைத் தவிர்த்துவிட்டு, எல்.பி.யில் இருந்த வரிசையில் மட்டும் கேளுங்கள்.

எட்டாம் படி: பிடிக்காததை ஒத்திவைத்தல்

ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 1959ஆம் ஆண்டுப் பதிவுகளோ, கோல்ட்ரேனின் கடைசி ஆண்டுகளோ இப்போதைக்குப் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். கோல்மனின் குழுவில் பியானோ இல்லை, எண்ணிப் பழகிய சுற்றும் பல இடங்களில் இல்லை. ஆனால் சார்லி ஹேடனின் பாஸ் இருக்கிறது. இரண்டாம் படியில் செய்தது போலப் பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து மறுபடி நுழைந்து பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லையென்றால் தட்டை உறையில் போட்டுவிட்டு, பெயரை மட்டும் உங்கள் குறிப்புத் தாளில் வைத்திருங்கள். இரவு நேர அறிவிப்பாளர் யாராவது அதையே வேறொரு உருப்படியோடு அடுத்து வைத்து ஒலிபரப்பக்கூடும்.